காரபெல் கணவாயில் ஒரு வேந்தன்

கிரேக்க தேசத்துச் சரித்திராசிரியராகிய ஹெரொடோட்டஸைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைச் 'சரித்திரத்தின் தந்தை' என்று உலகம் போற்றுகிறது என்றும், சின்ன ஆசியாவில் உள்ள ஒரு பாறைச் சிற்பத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்தி பிழையானது என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எழுந்தான். "பிழையாக எழுதினவரைத் தந்தை என்று எப்படி ஸார் சொல்லலாம்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல வேளையாக மணியும் அடித்துவிட்டது.

ஆயினும் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று. அதற்கு ஓரிரு வார்த்தைகளில் விடை சொல்லவும் இயலாது. அந்தப் பாறையின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் விடை விளங்கும். மறுநாள் அந்தப் பையனுக்குச் சொன்ன கதையையே இங்கே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

மலைச்சுவரில் ஒரு வீரன்

துருக்கி தேசத்தின் மேற்குக் கரையில் இஸ்மிர் என்ற துறைமுகப் பட்டணம் இருக்கிறது. பழைய புத்தகங்களில் ஸ்மர்னா என்று காணப்படுவது இதுவே. இதற்குக் கிழக்கே, கெமால்பாஷா, டோர்பலி என்னும் இரண்டு ஊர்களுக்கும் நடுவே மலைத்தொடர் ஒன்று குறுக்கிடுகிறது. அதைக் கடந்து செல்லும் கணவாய்க்குக் காரபெல் என்று பெயர். தெற்கேயுள்ள எபேஸஸ் நகரத்துச் சமவெளியிலிருந்து வடக்கேயுள்ள ஸார்டிஸ் நகரத்துச் சமவெளிக்குப் போகிறவர்கள் பண்டைக் காலந்தொட்டு இந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். வணிகரும் படைகளும் யாத்திரிகரும் ஆடுமாடு மேய்ப்பவரும் நடந்து நடந்து தேய்ந்த பாதை இது.

இந்தக் கணவாயில், பாதைக்கு மேலே, மலைச்சுவரை மாடம் போலக் குடைந்து அதனுள் ஓர் ஆண் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். நல்ல உயரமுள்ள மனிதனையும் மிஞ்சிய உயரம். உருவம் பக்கவாட்டில், நம் வலப்புறம் நோக்கி நடப்பது போல் நிற்கிறது. தலையில் கூம்பு போன்ற உயர்ந்த குல்லாய், முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் குட்டை ஆடை, நுனி மேல்நோக்கி வளைந்த பாதரட்சை, இடையிலே குறுவாள், வலத் தோளில் சார்த்திய வில், நீட்டிய இடக் கையில் ஈட்டி. வீரனுடைய முகத்துக்கும் ஈட்டிக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் மூன்று வரி எழுத்து. அவை கோடும் சுழியுமாகிய எழுத்துக்கள் அல்ல. பறவை, விலங்கின் தலை, மலைச் சிகரம் என்று இப்படிப் படம் படமாக அமைந்த சித்திர எழுத்துக்கள்.

வெயிலும் மழையும் காற்றும் மூவாயிரத்து இருநூறு வருஷங்களாக அந்தக் கல்லைத் தின்றுகொண்டிருக்கின்றன. வீரனுடைய முகம் மழுங்கிவிட்டது. எழுத்துக்களும் தேய்ந்துவிட்டன. ஆயினும் அவனுடைய நடையும் நிமிர்வும் இன்னும் கெடவில்லை. கணவாயைக் காவல் காப்பவன் போலவே நிற்கிறான்.

யார் இவன்? இந்தக் கேள்விக்கு முதலில் விடை எழுதியவர்தாம் ஹெரொடோட்டஸ்.

எகிப்தியன் என்று ஒரு பெயர்

ஹெரொடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பிறந்த ஹாலிகார்னஸஸ் நகரமும் அதே சின்ன ஆசியாவின் மேற்குக் கரையைச் சேர்ந்ததுதான். ஆகவே காரபெல் அவருக்குத் தூர தேசம் அன்று. அண்டை அயல் என்றே சொல்லலாம்.

அவர் தம்முடைய நூலின் இரண்டாம் பகுதியில் எகிப்து தேசத்து வரலாற்றைச் சொல்லி வருகிறார். ஸெஸோஸ்திரிஸ் என்ற எகிப்திய மன்னன் ஆசியாக் கண்டத்தைப் படையெடுத்து அடக்கினான் என்றும், வென்ற நாடுகளில் எல்லாம் வெற்றிச் சின்னங்களை நாட்டினான் என்றும் அவர் கேட்டறிந்த கதை. அதற்குச் சாட்சியாக, அயோனியா நாட்டில் பாதை ஓரத்துப் பாறைகளில் அந்த மன்னனுடைய உருவங்கள் இரண்டு இருக்கின்றன என்கிறார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் வழி என்பதையும், உருவத்தின் உயரத்தையும், கையிலுள்ள ஆயுதங்களையும் குறிக்கிறார். மார்பின் குறுக்கே தோளிலிருந்து தோள் வரையில் எகிப்தியரின் தெய்வ எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது என்றும், தன் தோள் வலிமையால் இந்த நாட்டைத் தான் கைக்கொண்டதாக அந்த மன்னன் அதில் சொல்லுகிறான் என்றும் எழுதுகிறார். வேறு சிலர் அந்த உருவம் டிராய் யுத்தத்தில் வந்த மெம்னானுடையது என்று சொல்லுவதுண்டு என்றும், அவர்கள் உண்மைக்கு வெகு தூரத்தில் இருக்கிறார்கள் என்றும் முடிக்கிறார்.

இந்த வர்ணனையைக் கையில் வைத்துக்கொண்டு சிற்பத்தின் முன்னே நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஹெரொடோட்டஸ் ஈட்டியை வலக் கையிலும் வில்லை இடக் கையிலும் கொடுத்திருக்கிறார்; கல்லில் அவை இடம் மாறி இருக்கின்றன. எழுத்து மார்பின் மேலே இருப்பதாகச் சொல்லுகிறார். கல்லில் அது முகத்துக்கு எதிரே இருக்கிறது. அவர் நேரில் பார்க்காமல் பிறர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கலாம். பார்த்து வெகு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியிருக்கலாம். எப்படியாயினும், பாறையில் இருந்த எழுத்தை அவரும் படிக்கவில்லை. அவருக்குச் சொன்னவர்களும் படிக்கவில்லை. சிற்பம் செதுக்கப்பட்டு ஏறக்குறைய எண்ணூறு வருஷங்கள் அதற்குள் ஓடிவிட்டன. அதைச் செதுக்கிய அரச குலம் மறைந்து, அந்த எழுத்தை அறிந்தவர்களும் அந்தப் பகுதியில் இல்லாமற் போயினர். படிக்கத் தெரியாத எழுத்துக்கு, கேட்டறிந்த கதைகளில் மிகப் பெரிய அரசன் ஒருவனுடைய பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

சொந்த மண்ணில் தன் பெயரைப் பொறித்து நின்ற ஓர் அரசன், தன் அண்டை நாட்டு ஆசிரியர் ஒருவராலேயே அந்நிய தேசத்து வெற்றி வீரனாக ஆக்கப்பட்டான். புத்தகத்தில் ஏறிய பெயர் கல்லில் இருந்த பெயரை மறைத்துவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் படித்தவர்களுக்கு அவன் ஸெஸோஸ்திரிஸாகவே விளங்கினான்.

ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த பண்டிதர்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய யாத்திரிகர்கள் காரபெல் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எகிப்திய சிற்பங்களில் பழகிய கண்களுக்கு, இது எகிப்திய வேலைப்பாடு அன்று என்பது தோன்றாமற் போகவில்லை. வளைந்த நுனியுடைய பாதரட்சையை எந்த எகிப்திய மன்னன் அணிந்தான்? கூம்புக் குல்லாயும் அந்நாட்டுக்குரியதன்று. ஆனால் எகிப்தியன் அல்லன் என்றால் வேறு யார்? இதற்கு விடை சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

1879-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ஹென்றி ஸேஸ் என்ற பண்டிதர் காரபெல்லுக்கு வந்தார். அக்காலத்தில் அந்தக் கணவாய் வழிப்பறிக்காரர்களுக்குப் பேர் போனது. காவலர் துணையின்றிப் போக முடியாது. ஸேஸுடைய மனத்தில் அப்பொழுது வேறொரு புதிர் குடிகொண்டிருந்தது. ஸிரியா தேசத்து ஹாமா நகரத்தில், கடைவீதியிலும் வீட்டுச் சுவர்களிலும் பதிந்து கிடந்த சில கற்களில் யாருக்கும் விளங்காத சித்திர எழுத்துக்கள் இருந்தன. 1812-ஆம் வருஷத்தில் பர்க்ஹார்ட் என்ற யாத்திரிகர் முதன்முதலாக அவற்றுள் ஒன்றைக் கண்டு குறித்துவைத்தார். 1872-ஆம் வருஷத்தில் வில்லியம் ரைட் என்ற பாதிரியார் அந்தக் கற்களுக்கு அச்செடுத்துக் கொடுத்தார். ஹாமாவின் எழுத்துக்களை மனப்பாடம் செய்தவர் போல் அறிந்திருந்த ஸேஸ், காரபெல் பாறையின் தேய்ந்த எழுத்துக்களைப் பார்த்ததும் அவற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டார்.

ஹாமா எங்கே, ஸ்மர்னா எங்கே! ஸிரியாவிலிருந்து ஏஜியன் கடற்கரை வரையில் ஒரே வகை எழுத்தும், ஒரே வகை உடையும், ஒரே வகைச் சிற்பமும் பரவியிருந்தால், அவற்றைப் பரப்பிய பேரரசு ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அது ஹிட்டைட்டுகளின் பேரரசு என்று ஸேஸ் 1880-ஆம் வருஷம் லண்டனில் ஒரு சபையின் முன்னே எடுத்துரைத்தார். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஏத்தியர்' என்று வருகின்றவர்கள் இவர்கள்தாம். அதுவரையில் பாலஸ்தீனத்துச் சிறு கூட்டத்தார் என்று எண்ணப்பட்ட ஒரு ஜாதியாரைப் பேரரசர் என்று சொன்னதும் பலர் நம்ப மறுத்தார்கள்.

நம்பாதவர்களுக்கு மண்ணே விடை சொல்லிற்று. 1906-ஆம் வருஷம் முதல் ஹூகோ விங்க்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர் துருக்கியின் நடுப் பகுதியில் பொகாஸ்கோய் என்ற சிற்றூரின் அருகே தோண்டியபோது, ஆயிரக் கணக்கான களிமண் ஏடுகள் வெளிவந்தன. ஹிட்டைட்டுகளின் தலைநகரமாகிய ஹட்டுஸா அதுதான் என்பது உறுதியாயிற்று. மித்திரன், வருணன், இந்திரன், நாஸத்தியர் என்னும் நம் வேதத்துத் தெய்வங்களைச் சாட்சியாக அழைக்கும் மிட்டானி உடன்படிக்கை கிடைத்ததும் அந்த ஏடுகளில்தான். 1915-ஆம் வருஷத்தில் செக் நாட்டு அறிஞரான ஹ்ரோஸ்னி அந்த ஏடுகளின் மொழி ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றோடு உறவுடையது என்று காட்டினார்.

ஆனால் அந்த ஏடுகள் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதப்பட்டவை. பாறைகளிலுள்ள சித்திர எழுத்து வேறு. அதில் எழுதப்பட்ட மொழியும் ஹிட்டைட்டு மொழிக்குத் தங்கை முறையாகும் லூவிய மொழி. அரண்மனை ஏட்டில் ஆப்பெழுத்தும், மக்கள் நடமாடும் வழியிலும் மலையிலும் சித்திர எழுத்தும் ஆளப்பட்டன. ஏறக்குறைய 500 குறிகள் கொண்ட அந்தச் சித்திர எழுத்துக்கு எகிப்திய எழுத்தோடு பிறப்புறவு எதுவும் இல்லை.

எலுமிச்சை மூடி போன்ற முத்திரை

பூட்டைக் கண்டாயிற்று, சாவி எங்கே? சாவி ஸ்மர்னா நகரத்திலேயே விலைக்கு வந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய நாணயங்கள் சேர்க்கும் ஒருவர் ஸ்மர்னாவில் வெள்ளி முத்திரை ஒன்றை வாங்கினார். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்தாற் போன்ற வடிவம். அதன் நடுவில் ஈட்டி ஏந்திய ஓர் ஆண் உருவம். உருவத்தின் இரு புறமும் சித்திர எழுத்துக்கள். சுற்று விளிம்பில் ஆப்பெழுத்துக்கள். 1860-ஆம் வருஷத்தில் அதை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விலைக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு பொருளை அதுவரையில் யாரும் பார்த்ததில்லை. ஆகையால் அது போலிச் சரக்கோ என்று சந்தேகித்து மியூசியத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள். ஆனாலும் முன்யோசனையாக ஒரு படியெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஸேஸ் இந்தப் படியைத் தேடிப் பிடித்தார். ஒரே செய்தி இரண்டு எழுத்தில் இருக்குமானால், தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாததைப் படித்துவிடலாம் அல்லவா? ஆப்பெழுத்தை அவர் 'எர்மே நாட்டு அரசன் தர்ரிக்திம்மே' என்று படித்தார். கிரேக்க நூல்களில் வரும் ஒரு பெயரோடு ஒப்பிட்டு, உலகம் அதைத் 'தர்கொண்டெமோஸ் முத்திரை' என்று அழைத்தது. பெயரும் பிழை, நாடும் பிழை என்பது வெகு காலத்துக்குப் பின்புதான் தெரிந்தது. ஆயினும் அந்தப் பிழைகளுக்கு நடுவே இரண்டு உண்மைகளை ஸேஸ் கண்டுகொண்டார். நெடிய கூம்பு போன்ற குறி 'அரசன்' என்பதைச் சொல்லுகிறது. இரட்டைச் சிகரம் போன்ற குறி 'நாடு' என்பதைச் சொல்லுகிறது. பூட்டின் இரண்டு பற்கள் இவ்வாறு நகர்ந்தன.

மற்றப் பற்கள் நகர மேலும் அறுபத்தைந்து வருஷங்கள் ஆயின. 1946-ஆம் வருஷத்தில் துருக்கியின் தெற்கே காராதெபெ என்ற குன்றில், பினீஷிய மொழியிலும் லூவிய சித்திர எழுத்திலும் ஒரே செய்தியைச் சொல்லும் நீண்ட சாஸனம் ஒன்றை ஹெல்முத் பாஸெர்ட் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். முத்திரையில் கிடைத்தது ஒரு வாய்த் தண்ணீர் என்றால், இங்கே கிடைத்தது ஊருணி. அதன் பிறகு 1970-களின் தொடக்கத்தில் டேவிட் ஹாக்கின்ஸ், அன்னா மார்புர்கோ டேவீஸ், குந்தர் நாய்மன் ஆகிய மூவரும், அதுவரையில் எல்லோரும் தவறாக ஒலித்துவந்த சில முக்கியமான குறிகளைத் திருத்தினார்கள். லூவிய எழுத்து அதன் பிறகே தெளிவாகப் பேசத் தொடங்கிற்று.

கழுதைத் தலை

இவ்வளவு நடந்தும் காரபெல் வீரன் வாய் திறக்கவில்லை. கல் அவ்வளவு தேய்ந்திருந்தது. 1998-ஆம் வருஷத்தில் ஹாக்கின்ஸ் அந்த மௌனத்தையும் கலைத்தார்.

ஹட்டுஸா நகரத்து இடிபாடுகளில், முத்திரை பதித்த களிமண் உருண்டைகள் பல அகப்பட்டிருந்தன. ஓலையையும் மூட்டையையும் கட்டி அரக்கு வைப்பது போல அக்காலத்தவர் களிமண் வைத்து முத்திரை பதித்தார்கள். அவற்றுள் சிலவற்றில், ஸ்மர்னா வெள்ளி முத்திரையில் இருந்த அதே பெயர் இருந்தது. பெயரின் முதற் குறி ஒரு விலங்கின் தலை. ஸேஸ் அதை ஆட்டின் தலை என்று கருதியிருந்தார். உண்மையில் அது கழுதையின் தலை. லூவிய மொழியில் கழுதைக்குத் 'தர்கஸ்ன' என்று பெயர். ஆகவே அரசனுடைய பெயர் தர்கஸ்னவா. வெள்ளி முத்திரையின் விளிம்பிலுள்ள ஆப்பெழுத்தையும் மீண்டும் படித்துப் பார்த்தால், 'மீரா நாட்டு அரசன் தர்கஸ்னவா' என்றே வந்தது.

இந்த இடத்தில் என் வகுப்பு மறுபடியும் சிரித்தது. நம் ஊரில் உபாத்தியாயருக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் சொல்லை ஓர் அரசன் பெயராக வைத்துக்கொண்டானே என்பது அவர்களுக்கு வியப்பு. பொறுமையாகப் பாரம் சுமக்கும் அந்தப் பிராணியிடம் எல்லா நாட்டாருக்கும் இளப்பம் இருக்க வேண்டும் என்ற நியதி உண்டா, என்ன? மீரா என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கண்ணனைப் பாடிய பக்தை நினைவுக்கு வருவாள். அந்தப் பெயருக்கும் இந்த நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல்.

பெயரின் வடிவம் தெளிவாகத் தெரிந்த பிறகு, ஹாக்கின்ஸ் காரபெல் பாறையின் மூன்று வரிகளுக்குத் திரும்பினார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பார்த்தால், மங்கிய கோடும் துலங்கும். முதல் வரியில் அதே கழுதைத் தலை, அதே அரசக் கூம்பு, அதே நாட்டுச் சிகரம். மீரா நாட்டு அரசன் தர்கஸ்னவா என்பது முதல் வரி. மீரா நாட்டு அரசனான இன்னாருடைய மகன் என்பது இரண்டாவது. அந்தத் தந்தையின் பெயரில் ஒரு பறவைக் குறி இருக்கிறது. மீரா நாட்டு அரசனான இன்னாருடைய பேரன் என்பது மூன்றாவது; அந்தப் பாட்டனுடைய பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிற்று.

அவ்வளவுதான். தோள் வலிமையைப் பற்றிய பேச்சு இல்லை. வென்ற நாடுகளின் பட்டியல் இல்லை. நான் இன்னான், என் தகப்பனார் இன்னார், என் பாட்டனார் இன்னார், இது எங்கள் நாடு என்று மட்டுமே சொல்லி அவன் நிற்கிறான்.

முத்திரையின் கதையை எண்ணிப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. 1879-ல் ஸேஸ் காரபெல் பாறையின் முன்னே நின்றார். மறு வருஷமே முத்திரையின் படியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். பாறையில் நின்றவனும் முத்திரைக்கு உரியவனும் ஒருவனே என்பதை அவர் அறியவில்லை. அரசன் தன்னுடைய சித்திரத்தைக் கணவாயிலும் தன்னுடைய கையொப்பத்தைக் கடைவீதியிலும் விட்டுச் சென்றிருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்கள் பிடித்தன. போலி என்று ஒரு காலத்தில் தள்ளப்பட்ட அந்த வெள்ளி முத்திரை இன்று அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

திருந்திய தேசப்படம்

ஓர் அரசன் பெயர் தெரிந்ததனால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். லாபம் ஒரு தேசப்படத்தின் அளவுக்குப் பெரியது.

மீரா என்ற நாட்டின் பெயரை ஹட்டுஸா ஏடுகளிலிருந்து அறிஞர்கள் முன்னமே அறிவார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் முர்ஸிலி என்ற ஹிட்டைட்டுச் சக்கரவர்த்தி, மேற்கே அர்ஸாவா என்ற வலிமை மிக்க ராஜ்யத்தை முறியடித்தான். அந்த ராஜ்யத்தின் பகுதிகள் அடங்கி நடக்கும் சிற்றரசுகளாக நின்றன; அவற்றுள் தலையாயது மீரா. நாட்டின் பெயர் ஏட்டில் இருந்ததே தவிர, அது எங்கே இருந்தது என்பதில் பண்டிதர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். காரபெல் வாசகம் படிக்கப்பட்டதும் அந்த வழக்குத் தீர்ந்தது. கடற்கரையை அடுத்த இந்தக் கணவாய் மீரா அரசனுடைய எல்லை. அவ்வாறாயின், ஏடுகள் மீராவுக்கு அடுத்ததாகச் சொல்லும் ஸேஹா ஆற்று நாடு கணவாய்க்கு வடக்கே இருந்திருக்க வேண்டும். அதற்கும் அப்பால் சொல்லப்படும் விலூஸா நாடு இன்னும் வடக்கே, டிராய் நகரம் இருந்த பிரதேசத்துக்குப் போய்ச் சேருகிறது. ஹோமர் பாடிய இலியோஸ் என்ற டிராய் நகரமும் ஹிட்டைட்டு ஏடுகளின் விலூஸாவும் ஒன்றே என்று முன்பே சிலர் சொல்லிவந்தார்கள். அந்தக் கொள்கைக்குக் காரபெல்லின் மூன்று வரிகள் முதுகெலும்பு கொடுத்தன.

2000-ஆம் வருஷத்தில் அன்னெலீஸெ பெஷ்லோ-பின்டோகாட் என்ற ஜெர்மானிய அம்மையார், தெற்கே லாட்மோஸ் மலையில் சூரத்காயா என்ற பாறையில் மற்றொரு லூவிய எழுத்துக் கூட்டத்தைக் கண்டார். அங்கும் மீராவின் பெயர் இருக்கிறது. மலைப் பாறைகளே பழைய ராஜ்யத்தின் எல்லைக் கற்களாக ஒவ்வொன்றாக வாய் திறக்கின்றன.

தர்கஸ்னவா வாழ்ந்தது கி.மு. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஹட்டுஸாவில் நான்காம் துதாலியா ஆண்ட காலம். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பேரரசு சரிந்துவிட்டது. கி.மு. 1200-ஐ ஒட்டிய வருஷங்களில் ஹட்டுஸா பாழாயிற்று. தென்கிழக்கே சிற்றரசர்கள் கி.மு. 700 வரையில் லூவிய எழுத்தைக் காப்பாற்றி வந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ஹெரொடோட்டஸ் பிறந்தது அதற்கும் இருநூறு வருஷங்களுக்குப் பின்பு.

சாலைக்கு இரையானவை

இத்துடன் கதையை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் மற்றொரு பகுதியையும் சொல்லாமல் விடுவது தர்மம் அன்று.

காரபெல் கணவாயில் இருந்தது ஒரே ஒரு சிற்பம் அன்று. ஹெரொடோட்டஸ் இரண்டு உருவங்கள் என்று எழுதினாரே, அதற்கேற்பக் கணவாயின் அடிப்பக்கத்தில், தனிப் பாறை ஒன்றில், இதே போன்ற மற்றொரு வீரனுடைய உருவமும் இருந்தது. அது மிகவும் சிதைந்திருந்தது. 1940-ஆம் வருஷத்தில் கூட்டர்பாக் என்ற அறிஞரும் அவருடைய நண்பரும் அருகிலிருந்த பாறையில் வேறு இரண்டு சிறு சாஸனங்களையும் கண்டு படியெடுத்தார்கள். முதலாவது சிற்பத்தோடு சேர்த்து எண்ணினால் நான்கு.

1977-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட வருஷங்களில் கணவாய் வழியே சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. அந்த வேலையில் இரண்டாவது வீரனும் அழிந்தான். இரண்டு சாஸனங்களும் அழிந்தன. மூவாயிரம் வருஷத்து மழைக்கும் வெயிலுக்கும் தப்பியவை, வண்டி போவதற்கு வழி விட்டு மறைந்தன. உயரத்தில் நின்ற தர்கஸ்னவா மட்டும் பிழைத்தான்.

வருஷங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மூன்றும் அழிந்தது 1982-க்குள். காரபெல் எழுத்தைப் படிக்கும் திறவுகோல் கைக்கு வந்தது 1998-ல். பதினாறு வருஷம் பொறுத்திருந்தால், திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்களின் முன்னேயும் ஒருவர் நின்றிருப்பார். காகிதத்தில் பதிந்த படிகளும் சித்திரங்களும் இன்று இருக்கின்றன. ஆனால் தேய்ந்த எழுத்தைக் காலை வெயிலில் ஒரு முறையும் மாலை வெயிலில் ஒரு முறையும் பார்த்தால் வெவ்வேறு கோடுகள் துலங்கும் என்பதைக் கல்லெழுத்துப் படிப்பவர்கள் அறிவார்கள். காகிதத்துக்கு ஏது காலையும் மாலையும்?

சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கணவாயைச் சுற்றி வாழும் குடியானவனுக்கு அவனுடைய விளைபொருள் சந்தைக்குப் போயாக வேண்டும். அந்தப் பாதை இருந்ததனால்தான் சிற்பமே அங்கே செதுக்கப்பட்டது. ஆயினும், இன்னும் படிக்கப்படாத ஒரு கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் சற்றே கை தயங்க வேண்டாமா?

பையனுக்குச் சொன்ன விடை

இனி அந்தப் பையனுடைய கேள்விக்கு வருவோம். பிழையாக எழுதினவரைச் சரித்திரத்தின் தந்தை என்று எப்படிச் சொல்லலாம்?

ஹெரொடோட்டஸ் தவறான பெயரை எழுதினார், உண்மை. ஆனால் அந்த உருவம் எந்த வழியில் நிற்கிறது, என்ன உயரம், என்ன ஆயுதம், எழுத்து உண்டா இல்லையா என்பவற்றையும் எழுதினார். தம்மோடு மாறுபட்டவர்கள் வேறு பெயர் சொல்லுகிறார்கள் என்பதைக் கூட மறைக்காமல் எழுதினார். அதனால்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்தவர்கள் அவருடைய புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கணவாயைத் தேடிப் போனார்கள். போன இடத்தில் அவரையே திருத்தினார்கள். ஸேஸை ஹாக்கின்ஸ் திருத்தினார். ஹாக்கின்ஸையும் நாளை ஒருவர் ஒரு குறியிலாவது திருத்தக் கூடும். திருத்துவதற்கு இடம் வைத்து எழுதுகிறவர் பிழை செய்தாலும் ஆசிரியர்தாம். ஆனால் இவ்வளவு திருத்தமும் எதனால் முடிந்தது? கல் அங்கேயே நின்றதனால் முடிந்தது. கல் போய்விட்டால், பிழை எழுதிய புத்தகம் ஒன்றே சாட்சியாக மிஞ்சும்.

இப்படி நான் சொல்லி முடித்தபோது பையனுக்குத் திருப்தி உண்டாயிற்று என்றே நினைத்தேன். இக்காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் பாறை வீரனை 'எத்தி பாபா' என்று அழைக்கிறார்கள் என்றும், 'ஹிட்டைட்டுத் தகப்பனார்' என்பது அதன் பொருள் என்றும் கூறினேன். முன்னே எகிப்தியனாக இருந்தவன் இப்பொழுது அந்த ஊராருக்குத் தகப்பனார் முறை ஆகிவிட்டான் அல்லவா?

பையன் உட்காரவில்லை.

"அந்தப் பாட்டனார் பெயர் என்ன ஸார்?" என்று கேட்டான்.

"அது தேய்ந்துவிட்டது, அப்பா" என்றேன்.

"அழிந்துபோன மற்ற மூன்று கற்களில் அவர் பெயர் இருந்திருக்குமா, ஸார்?"

வகுப்பில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.